பாவும் ஊடையும் இல்லாத துணி

"இது என்ன நெசவுடா? பாவு எது ஊடை எதுன்னே தெரியலையே?" என்று அப்பா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையில் இருந்தது துணியே இல்லை. ஒரகடத்தில் பைக் ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் அக்கா மகன் வாங்கி வந்த வினைல் ஷீட். கறுப்பு நிறம், கார்பன் ஃபைபர் மாதிரி சின்னச் சின்னக் கட்டமாக மினுங்கும், பின்பக்கம் பசை. அதைத் தன் ஸ்கேட்போர்டின் அடிப்பக்கத்தில் ஒட்டத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா வீட்டுக்கு வந்திருந்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடம் நீளமானது. ஒரு காலத்தில் தறி இருந்த இடம். குழியை மூடி சிமெண்ட் பூசியிருக்கிறோம். மழைக்காலத்தில் அந்தச் செவ்வகம் மட்டும் தனியாக ஈரம் காட்டும்.

அப்பா அந்தக் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து நாற்பது வருஷம் பட்டு நெய்தவர். அவருக்கு எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் அது துணிதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஷீட்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு மேல, ரெண்டு கீழ. அடுத்த வரி ஒண்ணு தள்ளி ஆரம்பிக்குது. அதான் சாஞ்சு போவுது" என்றார். நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். பொறியியல் படித்தவன் நான். அந்தக் கட்டத்தின் பெயர் டூ பை டூ ட்வில் என்று எனக்குத் தெரியும், கூகுளில் பார்த்ததால். அப்பா வெறும் கண்ணால் சொல்லிவிட்டார்.

சொல்லி முடித்ததும் ஷீட்டின் ஓரத்தைத் தடவினார். "கரை எங்க?"

ஒரு துணிக்குக் கரை இருக்கும். ஊடை நூல் போய்த் திரும்பி வரும் இடம் அது. இதில் படம் எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கிறது, எங்கே வேண்டுமானாலும் வெட்டுப்படுகிறது. "படம்ப்பா அது. துணியோட போட்டோ" என்றேன். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் கேள்வி என்னோடு ஒட்டிக்கொண்டது. துணியின் புகைப்படத்தை ஏன் ஒரு பலகைமேல் ஒட்ட வேண்டும்? அதுவும் இந்தத் துணியை?

கார்பன் இழையின் கதையை எல்லோரும் விளக்கிலிருந்து ஆரம்பிப்பார்கள். எடிசன் 1880இல் மூங்கில் இழையைக் கரியாக்கி பல்புக்குள் வைத்தார். அதுவும் கார்பன் இழைதான், ஆனால் தொட்டால் உடையும். வலுவான இழை வர இன்னும் எண்பது வருஷம் ஆனது. 1958இல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு ஆய்வுக்கூடத்தில் ரோஜர் பேகன் என்ற இளம் இயற்பியலாளர், கிராஃபைட்டை ஆராயும்போது தற்செயலாக முடிபோன்ற இழைகளைக் கண்டார். எஃகைவிடப் பல மடங்கு உறுதி. கொஞ்ச காலத்திலேயே ஜப்பானின் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ வேறொரு வழியைக் கண்டுபிடித்தார். ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் நூலையே எடுத்துக் கரியாக்கலாம். இன்றைக்கு உலகத்தில் இருக்கும் கார்பன் இழையில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததுதான்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அடுத்தது. 1960களின் நடுவில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் அரசு விமான ஆய்வு நிலையத்தில் வில்லியம் வாட் தலைமையிலான குழு இதே அக்ரிலிக் நூலைச் சூடேற்றியது. சூடேறும்போது நூல் சுருங்கப் பார்க்கும். சுருங்கவிட்டால் உள்ளே அணுக்கள் சுருண்டு போகும், இழை பலவீனமாகும். அவர்கள் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே சூடேற்றினார்கள். முதலில் காற்றில் 200, 300 டிகிரி, அப்புறம் ஆக்சிஜன் இல்லாத உலையில் ஆயிரத்துக்கு மேல். இழுத்துப் பிடித்ததால் அணுக்கள் நூலின் நீளவாக்கில் வரிசை கட்டின. கார்பன் இழையின் வலு அந்த விறைப்பில் இருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "பாவு தொய்ஞ்சா பொடவையே இல்லடா" என்றார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது விடியற்காலையில் தெருநீளத்துக்குப் பாவை விரித்து இழுத்துக் கட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போவார்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

இப்படி வந்த ஒரு இழையின் தடிமன் ஏழு மைக்ரான், நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. மூவாயிரம் இழைகளைச் சேர்த்து ஒரு நாடாவாக்குவார்கள். அந்த நாடாக்களைப் பாவாகவும் ஊடையாகவும் வைத்துத் தறியில் நெய்தால் கறுப்புத் துணி வரும். அச்சில் விரித்து, எபாக்சி ரெசினை ஊறவைத்து, அழுத்தத்தில் வேகவைத்தால் விமானப் பாகம் ரெடி. ட்வில் நெசவு ஏன் என்றால், ஒன்று மேல் ஒன்று கீழ் என்று போகும் சாதா நெசவு வளைவுகளில் படியாது, முறைத்துக்கொண்டு நிற்கும். ட்வில் வழிந்து படியும். நீங்கள் போட்டிருக்கும் ஜீன்ஸைத் திருப்பிப் பாருங்கள், அதே சாய்வுக்கோடு தெரியும்.

அதாவது அந்தக் கட்டம் அழகுக்காக வந்ததில்லை. வளைவில் படிய வேண்டும் என்ற தேவையால் வந்தது. வளைவு இல்லாத இடத்தில் பொறியாளர்கள் நெசவையே தவிர்க்கிறார்கள். நெய்யும்போது நூல் மேலும் கீழும் வளைவதால் கொஞ்சம் வலு போகிறது. எடையில் பாதி கலப்புப் பொருளாலான போயிங் 787இன் உடல் பெரும்பாலும் ஒரே திசையில் படுக்கவைத்த நாடாக்களால் ஆனது. அதில் இந்தக் கட்டத்தைத் தேடினால் ஏமாந்து போவீர்கள்.

அப்படியென்றால் கட்டம் எப்படிப் பிரபலமானது? ரேஸ் காரால். அதற்கு முன்னால் ஒரு பெரிய அடி விழுந்தது. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 விமான எஞ்சினின் விசிறி இறக்கைகளை கார்பன் இழையில் செய்யப் பார்த்தது. பறவை மோதினால் தாங்குமா என்று செத்த கோழியைச் சுட்டுப் பார்க்கும் சோதனை உண்டு, கிண்டல் இல்லை, நிஜமாகவே. 1970இல் அந்தச் சோதனையில் இறக்கைகள் நொறுங்கின. டைட்டானியத்துக்கு மாற வேண்டி வந்தது. அந்த எஞ்சினுக்கான செலவு தலைக்கு மேல் போய் 1971 பிப்ரவரியில் கம்பெனியே திவாலானது. கார்பனுக்குக் கெட்ட பெயர். அடுத்த பத்து வருஷம் தூண்டிலிலும் கோல்ஃப் மட்டையிலும் காலம் தள்ளியது.

மெக்லாரனின் வடிவமைப்பாளர் ஜான் பர்னார்டு, ஃபார்முலா ஒன் காரின் முழுக் கூட்டையும் கார்பன் இழையில் செய்ய முடிவெடுத்தார். இங்கிலாந்தில் அதைச் செய்துதர ஆள் இல்லாமல் அமெரிக்காவில் ராக்கெட் பாகங்கள் செய்யும் ஹெர்குலிஸ் கம்பெனிக்குப் போனார். மோதினால் தூளாகிவிடும் என்று மற்ற அணிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். 1981 செப்டம்பரில் மோன்ஸாவில் ஜான் வாட்சன் ஓட்டிய கார் தடுப்பில் மோதி, எஞ்சின் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனது. வாட்சன் கூட்டுக்குள்ளிருந்து எழுந்து நடந்து வந்தார். சில வருஷங்களில் எல்லா அணிகளும் கார்பனுக்கு மாறின. பிறகு ரோட்டில் ஓடும் விலையுயர்ந்த கார்கள் அதைப் பெயிண்ட் அடித்து மறைக்காமல் வார்னிஷ் மட்டும் பூசிக் காட்டத் தொடங்கின. கட்டத்துக்கு அர்த்தம் வந்துவிட்டது: வேகம், பணம், சாகாமல் இருப்பது.

அர்த்தம் வந்த பொருளுக்கு நகல் வராமல் இருக்காது. நகலுக்குத் தேவையான பிளாஸ்டிக் தயாராகவே இருந்தது. 1926இல் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன், உடையும் தன்மையுள்ள பிவிசியை வளையும்படி செய்திருந்தார். அதிலிருந்து வந்த ஒட்டுப்படலங்களில் டைநாக் என்று ஒன்று. இன்றும் 3எம் கம்பெனி விற்கிறது. 1950களில் அமெரிக்க ஃபோர்டு ஸ்டேஷன் வேகன்களின் பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி தெரிவதற்கு ஒட்டியது டைநாக்தான். அதற்கு முன்னால் நிஜ மரமே இருந்தது. மரத்துக்குப் பராமரிப்பு அதிகம் என்பதால் தகடுமேல் மரப்படம் ஒட்டினார்கள். பின்னாளில் அதே டைநாக் பெயரில் கார்பன் படமும் வந்தது.

இங்கேதான் எனக்கு எங்கள் ஸ்கேட்போர்டு விஷயம் வேடிக்கையாகப் பட்டது. ஸ்கேட்போர்டு உண்மையிலேயே மரம். 1950களில் கலிபோர்னியாவில் அலையில்லாத நாளில் சர்ஃபிங் பையன்கள் பலகைக்கு அடியில் ரோலர் ஸ்கேட் சக்கரத்தை ஆணியடித்ததில் தொடங்கி, 1970களில் யூரித்தேன் சக்கரம் வந்து, பலகை ஏழடுக்கு மேப்பிள் மரமாக நிலைத்தது. ஃபைபர் கிளாஸ், அலுமினியம், கார்பன் எல்லாம் முயன்று பார்த்துவிட்டார்கள், தெருவில் இன்றும் மேப்பிள்தான். மிதித்தால் எகிறும் அந்தத் துள்ளல் வேறெதிலும் வரவில்லை என்பார்கள். ஆக அன்றைக்குத் தகடுமேல் மரப்படம், இன்றைக்கு நல்ல மரத்தின்மேல் கார்பன் படம். ஃபார்முலா ஒன் அணிகளோ 2022, 2023 சீசன்களில் எடையைக் குறைக்க காரிலிருந்து பெயிண்டையே சுரண்டி எடுத்தன. நாம் கனமில்லாதது மாதிரி தெரிவதற்காகக் கூடுதலாகக் கனம் ஒட்டுகிறோம்.

இதை ஒரு ஜோக்காக அக்கா மகனிடம் சொன்னேன். அவன் நிமிரவில்லை. "மாமா, கொஞ்சம் அந்த ஹீட் கன்ன குடுங்க."

அவன் ஒட்டியதைப் பார்க்க வேண்டும். சக்கரம் தாங்கும் ட்ரக்குகளைக் கழற்றி, எட்டு போல்ட்டையும் ஒரு கிண்ணத்தில் போட்டான். பலகையின் அடிப்பக்கத்தை நைஸ் எமரி ஷீட்டால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். விரல் படாமல் ஓரங்களை மட்டும் பிடித்துத் திருப்பினான். நான் பிரித்தால் முழுக் காகிதத்தையும் உரித்திருப்பேன். அவன் பின்காகிதத்தை நடுவில் ஒரு கை அகலம் மட்டும் உரித்து, ஷீட்டைப் பலகையின் நடுவில் படியவைத்து, அங்கிருந்து இரண்டு முனைக்கும் பிளாஸ்டிக் ஸ்க்வீஜியால் தள்ளிக்கொண்டே போனான். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் பாதிமேல் ஏறியது. பசையில் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்கள் இருக்கும், காற்று அது வழியாக வெளியேறும் என்றான். ஒரு குமிழி வரவில்லை. பலகை நடுவில் குழிந்து, முனைகளில் மேலே வளையும். அந்த வளைவில்தான் ஷீட் மடியும். சூடு காட்டினான், ஷீட் லேசாகக் குழைந்ததும் இழுத்தான். "ரொம்ப இழுத்தா கட்டம் நீண்டுடும் மாமா, டூப்ளிகேட்னு காட்டிக் குடுத்துடும்." கடைசியில் ஓரத்தைச் சுற்றி பிளேடை ஒரே ஓட்டமாக ஓட்டி, இன்னொரு முறை எல்லா விளிம்பும் சுடச்சுட அழுத்தினான். பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

"எங்கடா கத்துக்கிட்ட?"

"வேலையே அதான மாமா."

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். கார் கதவு செய்துகொடுக்கும் ஓர் உதிரிபாக ஆலையில் பயிற்சியாளனாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கார் கதவின் கண்ணாடியைச் சுற்றி மேல் சட்டம் கறுப்பாக இருக்குமே, அது பல மாடல்களில் பெயிண்ட் இல்லை, கறுப்புப் படலம். அதை ஒட்டுவது இவன் வேலை. ஒரு கதவுக்கு ஐம்பது செகண்ட். ஷிஃப்டுக்கு எத்தனை கதவு என்று நான் மனக்கணக்குப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். இரண்டு வருஷமாக அக்கா வீட்டில் "அவன் ஃபேக்டரில இருக்கான்" என்றுதான் சொல்வார்கள். என்ன செய்கிறான் என்று நானும் கேட்டதில்லை.

எங்கள் ஊருக்கும் அந்த ஆலைகளுக்கும் இடையில் பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆனால் போன தூரம் பெரிசு. 1990இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்கைத் திறந்தபோது சுற்றிலும் ஏரியும் வயலும் பொட்டலும்தான். அதற்கு முன்பு சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்துகொண்டிருந்தது. 1998இல் அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொடங்கி, 2014இல் மூடியது. 2010க்குப் பிறகு ஒரகடத்தில் டயர், லாரி, புல்லட் என்று வரிசையாக வந்தன. ராமானுஜர் பிறந்த ஊர் என்றும் ராஜீவ் காந்தி இறந்த ஊர் என்றும் தெரிந்திருந்த ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரத்துப் பையன்களுக்கு பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும் இடமானது. தறிக்காரர் வீடுகளில் அடுத்த தலைமுறை குழிக்குள் இறங்கவில்லை. யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை, அப்பாவும்தான்.

அப்பா தறியை விட்டதற்குக் காரணம் கூலி மட்டும் இல்லை. இதை அவர் என்னிடம் சொன்னதே அந்த ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் பையன் "டூப்ளிகேட்" என்ற வார்த்தையைச் சொன்ன பிறகு.

அசல் ஜரிகை என்பது பட்டு நூல்மேல் வெள்ளித் தகட்டுக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். நகல் ஜரிகையில் செம்போ பிளாஸ்டிக்கோ இருக்கும், தறியில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடும். 2000களின் நடுவில், அப்பா யாருக்கு நெய்தாரோ அந்த முதலாளி ஒருநாள் கொடுத்த ஜரிகை கையில் வேறு மாதிரி இருந்தது. அப்பா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கூலி அதே கூலி. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே காலம்தான் என்பது ஒரு சோகமான தமாஷ். இரண்டு வருஷம் நெய்தார். அப்புறம் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பெண்ணின் முகூர்த்தப் புடவை அப்பா நெய்தது. உடலும் கரையும் சேரும் கோர்வையைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது, அவரவர் கையெழுத்து மாதிரி அது. அசல் ஜரிகை விலை கொடுத்து வாங்கியதைப் பெண்ணின் அம்மா பெருமையாக எங்கள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"சொல்லிருக்கலாமேப்பா."

"என்னன்னு சொல்றது? நான்தான நெஞ்சேன்."

நாலு மாதத்தில் தறியைப் பிரித்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்கில் வாட்ச்மேனாகப் போனார். நான் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கூலி கட்டுப்படியாகவில்லை என்று சொன்னதை அப்படியே நம்பினேன், ஏனென்றால் அதுவும் உண்மைதான்.

நகல் என்பதாலேயே ஒன்று மட்டம் என்று நான் நினைக்கவில்லை. மாமல்லபுரம் போனால் திரௌபதி ரதம் என்பது கல்லில் செதுக்கிய கூரைக் குடிசை. ஆவுடையார்கோவிலில் கல் கொடுங்கையின் அடியில் மரச்சட்டமும் குமிழாணியும் கல்லாகவே இருக்கின்றன. மரமும் ஓலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கோயில் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பட்டிருக்கும். கல்லைப் பார்த்து யாரும் ஓலை என்று ஏமாறவில்லை. அதே மாமல்லபுரத்தில்தான் ஒரு சிறுமி ஸ்கேட்போர்டு பழகும் 'கமலி' என்ற ஆவணக் குறும்படம் எடுக்கப்பட்டு, 2020இல் பாஃப்டா பரிந்துரை வரைக்கும் போனது. அதைப் பார்த்துத்தான் இவன் போர்டே வாங்கினான். ஸ்கேட்போர்டில் ஒட்டிய கார்பனைப் பார்த்தும் யாரும் ஏமாற மாட்டார்கள். கடையில் அதை 3டி, 4டி, 5டி, 6டி என்று தரம் பிரித்து விற்கிறார்கள். ஆறு பரிமாணம் என்ன என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு "பளபளப்பு ஜாஸ்தி சார்" என்றாராம். அது நேர்மையான பதில். புடவை விஷயத்தில் பொய் இருந்தது ஜரிகையில் இல்லை, விலைச்சீட்டில்.

இதை விளக்கிச் சொன்னபோது அக்கா மகன் ட்ரக்கை மாட்டிக்கொண்டே கேட்டான்: "அப்ப என் வேலை எதுல சேத்தி மாமா?"

அவனுக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே நிறச் சட்டை, ஒரே ஷூ, ஒரே கேன்டீன். அடையாள அட்டையின் கயிறு மட்டும் வேறு நிறம். 2013இல் ஏ.ஐ.சி.டி.இ. 'நீம்' என்றொரு பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் வந்தவருக்குச் சம்பளம் இல்லை, உதவித்தொகைதான் இருந்தது. தொழிலாளி என்ற கணக்கில் அவர் வரவில்லை. இவன் சேர்ந்தது வேறு பெயரில் உள்ள திட்டம், சாரம் அதேதான். பயிற்சி என்றால் ஒன்றைக் கற்றுக்கொண்டு முடிக்க வேண்டும். கறுப்புப் படலம் ஒட்டுவதை அவன் மூன்றாவது வாரத்தில் கற்றுமுடித்துவிட்டான். மீதி தொண்ணூற்றுச் சொச்சம் வாரம் உற்பத்திதான். அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது, சான்றிதழ் கொடுப்பார்கள். "பாக்க வேலை மாதிரியே இருக்கும் மாமா" என்று அவனே சிரித்தான். நான் மென்பொருள் துறையில் பதிமூன்று வருஷமாக இருக்கிறேன், எங்கள் பக்கம் கான்ட்ராக்ட் பையன்களின் அட்டைக் கயிறும் வேறு நிறம். அவர்கள் பெயர் தெரியாமல் ஒரே மேஜையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வல்லம் வடகால் சிப்காட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆறு லாரி ஒரே நேரத்தில் போகிற அகலத்துக்கு ரோடு காலியாகக் கிடக்கும். இன்னும் ஆலை வராத மனைகளுக்கு முன்னாலும் நடைபாதையும் விளிம்புக்கல்லும் போட்டு வைத்திருக்கிறார்கள். அவனைப்போல ஐந்தாறு பேர், எல்லோரும் ஏதோ ஒரு ஷிஃப்டிலிருந்து வந்தவர்கள், அந்த விளிம்புக்கல்லுக்கு மெழுகுவர்த்தி தேய்த்து வைத்திருந்தார்கள். போர்டின் அடிவயிறு கல்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதுதான் விளையாட்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் அத்தனை சுத்தமாக ஒட்டிய இடமே அதுதான்.

"டேய், கிழிஞ்சுடுமே."

"கிழியட்டும் மாமா, ஷீட் இன்னும் பாதி இருக்கு."

மூன்றாவது தடவை நின்றது. போர்டைக் கவிழ்த்துக் காட்டினான். நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கார்பன் வழண்டு, கீழே மேப்பிள் மரம் வெளிறித் தெரிந்தது. ஒரு பையன் வந்து விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, யாரு ஒட்டுனது, எனக்கும் ஒட்டித் தருவியா, எவ்வளவு கேப்ப என்று கேட்டான். அக்கா மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஷீட்டுக்கு எவ்வளவு, கைக்கூலிக்கு எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"இருநூத்தம்பது" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஷீட் நீ வாங்கிக் குடுத்தா நூறு."